மம்பட்டி வாங்கப் போறீங்களா? முதல்ல பிடியைப் பாருங்க

எங்க ஊர்ப் பக்கம் லீவு விட்டதும் பசங்க தரிசு நிலத்துல மண்ணைக் குவிச்சு சைக்கிள் ஜம்ப் கட்ட ஆரம்பிச்சிட்டாங்க. அமெரிக்காவிலயும் இங்கிலாந்துலயும் 'டர்ட் ஜம்ப்'னு பல வருஷமா நடக்குற விளையாட்டு. நல்ல விஷயம்தான், போனை வச்சுட்டு வெயில்ல இறங்குறாங்களே!

ஆனா எங்க ஓபிக்கு வர்றது ஜம்ப்ல இருந்து விழுந்தவங்க இல்ல. ஜம்ப் கட்டப் போய் அடிபட்டவங்க. கொப்புளம், இடுப்புப் பிடிப்பு, கால் பெருவிரல்ல வெட்டு. அதனால இந்த திரெட் சைக்கிள் பத்தி இல்ல. மண்வெட்டி, கடப்பாரை பத்தி. வீட்டுத் தோட்டத்துக்கோ வயலுக்கோ வாங்குறவங்களும் படிக்கலாம்.

முதல்ல ஒரு கணக்கு போட்டுக்குவோம்.

1 மீட்டர் உயரம், 1.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம், சரிவான ஒரே ஒரு மேடு. கன அளவு 2.25 கன மீட்டர். கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுன்னு வச்சா 3 டன்னுக்கு மேல மண். ஒரு தடவைக்கு 5 கிலோ அள்ளினா கிட்டத்தட்ட 675 தடவை குனிஞ்சு நிமிரணும். இது ஏறுற மேடு மட்டும்தான். இறங்குற மேடு தனி. அதுவும் மண்ணை ஒரு தடவை மட்டும் தொட்டா! வெட்ட ஒண்ணு, அள்ள ஒண்ணு, மேல போட்டுச் சரிசெய்ய ஒண்ணுன்னு போகும்.

675 தடவை செய்யப்போற வேலைக்கு எந்தக் கருவி கையில இருக்குங்கிறது சின்ன விஷயம் இல்லீங்க.

இதை 120 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் அளந்து பார்த்தார். ஃபிரெடரிக் டெய்லர், அமெரிக்காவில் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனி. அங்க தொழிலாளிங்க அவங்கவங்க சொந்த ஷவலைக் கொண்டு வருவாங்க. அதே ஷவல்ல பொடி நிலக்கரியை அள்ளினா ஒரு தடவைக்கு 3.5 பவுண்டு வரும். இரும்புத் தாதை அள்ளினா 38 பவுண்டு! ஒருநாள் முழுக்க வேலை செய்யும்போது அதிக மண் நகர்வது ஒரு தடவைக்கு சுமார் 21 பவுண்டு, அதாவது பத்து கிலோவுக்குக் கொஞ்சம் கீழ, அள்ளும்போதுதான்னு அவர் கணக்குக்கு வந்தது. கனமான பொருளுக்குச் சின்ன ஷவல், லேசான பொருளுக்குப் பெரிய ஷவல்னு கம்பெனியே கொடுக்க ஆரம்பிச்சது.

(டெய்லருக்குத் தொழிலாளியோட இடுப்பு மேல அக்கறைன்னு நினைச்சுடாதீங்க, அவருக்கு வேண்டியது உற்பத்தி. ஆனா அளந்தது சரியாத்தான் அளந்தார்.)

அந்தப் பத்து கிலோ, தேர்ந்தெடுத்த பலசாலிகளுக்கு. நேத்து வரைக்கும் பரீட்சைக்குப் படிச்சுட்டிருந்த 19 வயசுப் பையனுக்கு அதுல பாதி போதும்னுதான் நான் சொல்வேன். கடையில "பெரிய சைஸ் எடுத்துக்கோ தம்பி, வேலை சீக்கிரம் முடியும்"னு சொன்னா கேக்காதீங்க. ஈரக் களிமண்ணுக்குச் சின்ன இலை. காய்ஞ்ச மணலுக்கு வேணா பெருசு. 10 லிட்டர் கொள்ளுற சாந்துச் சட்டி நிறைய ஈரமண் போட்டா 15 கிலோ அளவுக்கு வந்துடும், அதையும் மனசுல வச்சுக்கோங்க. முக்கால் சட்டி போதும்.

போன மாசம் மூணு பசங்க சேர்ந்து வந்தாங்க. மூணு பேருக்கும் உள்ளங்கையில கொப்புளம், ஒருத்தனுக்கு உடைஞ்சு சீழ் வச்சிருந்தது. எதுல தோண்டினீங்கன்னு கேட்டா, ஆன்லைன்ல வாங்கின மடிக்கிற ஷவலாம். கூடாரம் அடிக்கிறவங்க பையில வச்சுக்கிறது. ஒன்றரை அடி நீளம். அதை வச்சு 3 டன் மண்!

அடுத்த டோக்கன்ல ஒரு அக்கா உக்காந்திருந்தாங்க, நூறு நாள் வேலைக்குப் போறவங்க. பையனோட கையை எட்டிப் பார்த்துட்டு, "சார், இவன் பிடியை இறுக்கிப் பிடிச்சிருக்கான். மேல் கை வழுக்கிட்டுப் போகணும் தம்பி, கீழ் கைதான் பிடிக்கணும்"னாங்க. கொப்புளம் இருந்த இடத்தைப் பார்த்தா அவங்க சொன்னது அப்படியே பொருந்துச்சு. எனக்கு அஞ்சரை வருஷப் படிப்புல இதை யாரும் சொல்லித் தரல.

அவங்க வந்தது இடுப்பு வலிக்கு. உங்க மம்பட்டிப் பிடி எவ்வளவு நீளம்னு கேட்டேன். "ரெண்டடி இருக்கும் சார். முன்னாடி உடைஞ்சுது, உடைஞ்சதையே செதுக்கிப் போட்டுக்கிட்டேன்."

இங்கதான் இடுப்பு விஷயம் வருது, கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதுகெலும்பை நிமிர்த்திப் பிடிக்கிற தசை, எலும்புல இருந்து சுமார் 5 செ.மீ. தூரத்துலதான் வேலை செய்யுது. நீங்க தூக்குற மண் 60 செ.மீ. தள்ளி இருந்தா, ஏத்தம் மாதிரிதான் கணக்கு, 12 மடங்கு. 10 கிலோ மண்ணுக்கு அந்தத் தசை தோராயமா 120 கிலோ அளவுக்கு இழுக்கணும். உடம்போட மேல்பாதி எடை தனி. அதே மண்ணை 30 செ.மீ. பக்கத்துல கொண்டு வந்தா பாதியாயிடும். மாத்திரை எதுவும் இல்லாம!

பிடி குட்டையா இருந்தா குனிஞ்சேதான் ஆகணும். மம்பட்டியைப் பக்கத்துல நிறுத்திப் பாருங்க, பிடியோட முனை உங்க இடுப்பெலும்புக்காவது வரணும். நீளப் பிடி ஷவல்னா நெஞ்சு உயரம். கடையில இருக்கிற பிடி எல்லாருக்கும் ஒரே அளவு. நீங்க எல்லாரும் ஒரே உயரமா? தனியா மரப்பிடி வாங்கிப் பட்டறையில போட்டுக்கோங்க. மரத்தோட ரேகை பிடி நீளத்துக்கு நேரா ஓடணும், குறுக்கே ஓடினா ஒருநாள் உடையும். கனம் 3 முதல் 4 செ.மீ. சிராய் இல்லாம தேய்ச்சு வாங்குங்க. பிடி மாட்டுற கண்ணுல ஆப்பு இறுக்கமா இருக்கான்னு வேலைக்கு முன்னாடி ஒவ்வொரு நாளும் ஆட்டிப் பாருங்க. இலை கழன்று பறந்தா எதிர்ல நிக்கிறவன் கதி யோசிங்க.

அந்த அக்காவோட சீட்டுல மாத்திரைக்குக் கீழ "பிடி 3 அடிக்கு மேல" ன்னு எழுதிக் கொடுத்தேன். ஃபார்மசியில சிரிச்சாங்களாம்.

சரி, என்னென்ன வாங்கணும்?

பசங்க யூடியூப் பார்த்துட்டு மெக்லியாட், புலாஸ்கின்னு கேக்குறாங்க. ரெண்டுமே அமெரிக்க வனத்துறைக் காவலர்கள் பெயர்ல வந்தது. மெக்லியாட் ஒரு பக்கம் பல்வாரி, மறு பக்கம் மண்வெட்டி. புலாஸ்கி ஒரு பக்கம் கோடாலி, மறு பக்கம் கொத்து. காட்டுத்தீ பரவாம கோடு வெட்டுறதுக்கு வந்த கருவிகள், அப்புறம் பாதை போடுறவங்க எடுத்துக்கிட்டாங்க. காட்டு வேரும் சருகும் உள்ள இடத்துக்கு அருமை. நம்ம செம்மண் தரிசுக்கு காசைக் கொட்டி வரவழைக்கணுமா? வேண்டாம். ஒரு பக்கம் கூர், மறு பக்கம் அகலமா இருக்கிற பிக்காசு நம்ம ஊர் இரும்புக்கடையிலயே இருக்கு.

இறுகின சரளைக்குக் கடப்பாரை. மம்பட்டியால அதைக் கொத்தாதீங்க, அந்த அதிர்ச்சி முழுக்க மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும்தான் வரும். உதிர்ந்த மண்ணை இழுக்க மம்பட்டி. மேட்டு மேல தூக்கிப் போட நீளப் பிடி ஷவல். மேட்டு முகத்தைத் தட்டி வழவழப்பாக்க தட்டையான ஷவலோட முதுகே போதும். அழுத்த திமிசுக்கட்டை. மண்ணைக் கொஞ்சம் நனைச்சு ஒவ்வொரு அடுக்கா அழுத்துங்க, மொத்தமா குவிச்சுட்டு மேல மட்டும் தட்டினா முதல் மழையில உக்காந்துடும்.

ஒரு வித்தியாசம் கவனிச்சீங்களா? ஷவல் நம்மைவிட்டு விலகிப் போகும். மம்பட்டி நம்ம காலை நோக்கி வரும். பெருவிரல் வெட்டு ஏன் இவ்வளவு வருதுன்னு இப்பப் புரியுதா? கம்பூட் இல்லாம, கால் ரெண்டையும் அகட்டி வைக்காம, மம்பட்டியைத் தூக்காதீங்க. சர்க்கரை நோயால கால் மரத்துப் போனவங்களுக்கு இது இன்னும் பொருந்தும், வெட்டுப்பட்டதே தெரியாது.

இதைவிட எனக்குப் பயம் தர்றது மண் எடுக்கிற குழி. பசங்க மேட்டுக்குப் பக்கத்துலயே குழி தோண்டி, மேல வெட்டுறது கஷ்டம்னு கரையோட அடிப்பக்கத்தைக் குடைஞ்சு எடுக்குறாங்க. வேணவே வேணாம். ஒரு கன மீட்டர் மண் ஒரு டன்னுக்கு மேலன்னு மேலேயே பார்த்தோம். நெஞ்சு வரைக்கும் புதைஞ்சா தலை வெளியே இருந்தாலும் மார்பு விரியாது, மூச்சு விட முடியாது. அமெரிக்காவில் 5 அடி ஆழக் குழிக்கே பக்கச்சுவர் சரியாம பாதுகாப்பு வைக்கணும்னு சட்டம் இருக்கு. நீங்க இடுப்பளவுக்கு மேல போகாதீங்க. அகலமா, சரிவா எடுங்க. தனியா ஒருத்தன் இறங்கவே கூடாது.

கொப்புளம் வந்தா தோலை உரிக்காதீங்க, அதுதான் இலவச பேண்டேஜ். சோப்பு போட்டுக் கழுவி, சுத்தத் துணி கட்டி, ரெண்டு நாள் ஓய்வு. சிவந்து சூடா வீங்கினா, சீழ் வந்தா, காய்ச்சல் வந்தா வந்துடுங்க.

வெட்டுப்பட்டா டெட்டனஸ். அந்தக் கிருமியோட வித்து மண்ணுலதான் இருக்கு, துரு கதையெல்லாம் அப்புறம். இப்ப டிடி-ங்கிற தடுப்பூசி, அரசுத் திட்டத்துல 10 வயசுலயும் 16 வயசுலயும் போடுறோம். சின்ன வயசு ஊசி எல்லாம் முழுசா போட்டவங்களுக்கு ஒவ்வொரு சிராய்ப்புக்கும் ஊசி தேவையில்ல. மண் பட்ட ஆழமான காயம்னா, கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தா போட்டுக்கணும். எப்பப் போட்டோம்னு ஞாபகமே இல்லைன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க, காசு கிடையாது. போட்டதும் சீட்டைப் போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அடுத்த தடவை ராத்திரி டூட்டியில இருக்கிற டாக்டர் முதல்ல அதைத்தான் கேப்பார்.