பேஸ் கேட்கலையா? சத்தத்தைக் கூட்டாதீங்க

1/
பேஸ் கிட்டார் வாசிக்கிறவங்களுக்காக ஒரு நீளமான இழை. வாசிக்காதவங்களும் படிக்கலாம், ஏன்னா இது கடைசியில் காதைப் பற்றியது. நான் தூத்துக்குடியில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். ஞாயிறு காலையில் கோயில் பாடற்குழுவில் பேஸ் வாசிக்கிறேன்.

2/
எங்க ஊர்ல காதை நம்பிப் பிழைக்கிறவங்க நிறைய. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகும் அண்ணன்மாரைப் பாருங்க. முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னு போச்சு, சங்குக்குளிப்பு இன்னும் நடக்கு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல ரெண்டு மடங்கு. மூக்கைப் பிடிச்சு ஊதிக் காதைச் சமன் பண்ணாம இறங்கினா செவிப்பறை கிழியும். வலிக்கும், ரத்தம் வரும். அதனால ஆள் உடனே வந்துடுவார். கிழிசல் பெரும்பாலும் தானா ஆறிடும்.

3/
இசைக் கலைஞருக்கு வரும் காயம் வேற மாதிரி. அது வலிக்காது. உள்காதில் சங்கு போலச் சுருண்ட ஒரு உறுப்பு இருக்கு, பேரு காக்ளியா. அதுக்குள்ள ஒலியை உணரும் முடிச் செல்கள்: ஒரு காதுக்கு உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசையில் சுமார் 12,000. பிறக்கும்போது கிடைச்ச கையிருப்பு அவ்வளவுதான். மனுஷனுக்கு அது செத்தா மறுபடி முளைக்காது.

4/
போன வருஷம் ஒரு தம்பி வந்தார். மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவர். கொடை, பெருவிழா, கல்யாண வரவேற்புன்னு சீசன்ல வாரம் நாலு கச்சேரி. "சார், படுத்தா காதுக்குள்ள ங்கொய்னு ஒரே இரைச்சல். ஃபேன் போட்டாத்தான் தூக்கம் வருது" என்றார். ஆடியோகிராம் எடுத்தோம். ரெண்டு காதிலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம். சத்தத்தால் வரும் பாதிப்பின் கையெழுத்து அது.

5/
பேஸ் கீழ்ஸ்தாயி வாத்தியம் ஆச்சே, 4,000 ஹெர்ட்ஸில் ஏன் அடி விழுது? அவர் நிற்கும் இடம் அப்படி. மேடையில் பேஸ்காரர் டிரம்ஸுக்குப் பக்கத்தில்தான் நிற்பார். சிம்பலும் ஹைஹாட்டும் காதுக்கு நேரா அடிக்கும். போதாததுக்கு, எந்தச் சத்தம் அளவு மீறினாலும் நம்ம காதில் முதலில் பலியாவது பெரும்பாலும் அந்தப் பகுதிதான்.

6/
இப்ப இயற்பியல் கொஞ்சம். பேஸின் தடிமனான E தந்தியைச் சும்மா தட்டினா நொடிக்கு 41 அதிர்வு. அந்த அளவு கீழ்ச் சத்தத்துக்கு நம்ம காது ரொம்ப மந்தம். 1933-இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினாங்க. இன்றைய அளவுகோல்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் சத்தம் எவ்வளவு பெரிசா கேட்குமோ, அதே அளவுக்கு 40 ஹெர்ட்ஸ் கேட்கணும்னா 80 டெசிபலுக்கு மேல வேணும்!

7/
மேடையில் என்ன நடக்கும்? பேஸ்காரருக்குத் தன் வாசிப்பு கேட்காது. பேஸ் குமிழைத் திருப்புவார். பத்தலைன்னா வால்யூம். கீபோர்டுக்காரர் தன்னுடையதை ஏத்துவார். டிரம்மர் ஓங்கி அடிப்பார். பாடகர் மானிட்டரைக் கூட்டச் சொல்வார். மூணாவது பாட்டுக்குள்ள மேடையே போர்க்களம். இதுல ஒரு கொடுமை இருக்கு: பலமான கீழ்ச் சத்தம் அதுக்கு மேல இருக்கும் ஓசைகளை மறைச்சிடும். அதாவது குமிழைத் திருப்பத் திருப்ப, அவர் தந்தியில் விரல் படும் தெளிவே அவருக்குக் கேட்காம போகும்.

8/
கணக்கு இதுதான். 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம். நம்ம ஊர்க் கச்சேரி எத்தனை மணி நேரம்னு உங்களுக்கே தெரியும்.

9/
"வாசிக்கிறதை நிறுத்துங்க"ன்னு சொல்றது எனக்குச் சுலபம். அவருக்கு அதுதான் சோறு. அதனால கேள்வியை மாத்தினோம்: சத்தத்தைக் குறைச்சு, பேஸைத் தெளிவா கேட்க வைக்க முடியுமா?

10/
முடியும். அதுக்குச் சாட்சி நீங்களேதான். இலங்கை வானொலியில், உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வச்ச டிரான்சிஸ்டரில், இளையராஜா பாட்டு கேட்டு வளர்ந்த கடற்கரை இது. சசிதரன் போன்றவர்கள் வாசிச்ச அந்த பேஸ் நமக்கு ஸ்வரம் ஸ்வரமா மனப்பாடம். ஆனா அந்தக் குட்டி ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தரவே முடியாது. பின்ன எப்படிக் கேட்டோம்?

11/
ஒரு தந்தி 41-இல் மட்டும் அதிராது. கூடவே 82, 123, 164ன்னு மடங்குகளிலும் அதிரும். அடி ஓசை வராவிட்டாலும் இந்த மேல் மடங்குகளை வச்சு மூளை "இது 41"ன்னு தானா நிரப்பிக்கும். பேஸின் அடையாளம் பாதிக்கு மேல அந்த மேல் ஓசைகளில்தான் இருக்கு. பெரிய பெட்டிகளும் விதிவிலக்கில்லை. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி, 300 வாட் வால்வு ஆம்ப். அதோட ஜோடி சேரும் 10 இஞ்ச் ஸ்பீக்கர் எட்டு கொண்ட பெட்டிக்கு கம்பெனி சொல்லும் வீச்சு, ஓசை பெரிசா குறையாம வரும் அளவில், 58 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 வரைதான். உலகமே கொண்டாடும் பேஸ் டோன் அது!

12/
இங்கதான் டிஜிட்டல் ஆம்ப் மாடலர் வருது. ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி, அதுக்கு முன்னால் வைக்கும் மைக் மூணும் ஓசையை என்ன செய்யுமோ அதைக் கணக்காகப் போட்டுக் காட்டும் சின்னக் கருவி. 1998-இல் லைன் 6 பாட் வந்து இதைப் பரவலாக்கியது. 2011-இல் கெம்பர், நிஜ ஆம்பையே அளந்து நகலெடுத்தது. இப்போ நியூரல் ஆம்ப் மாடலர்னு ஒரு இலவச மென்பொருள், ஆம்புக்குள் போன ஒலியையும் வெளியே வந்த ஒலியையும் ஒப்பிட்டுத் தானே கற்றுக்கொள்கிறது.

13/
வால்வு ஆம்பில் அந்தக் கரகரப்பு வரணும்னா சத்தமா ஓட்டியாகணும். மாடலரில் அதே ஓசை கிசுகிசு அளவிலும் வரும். நேரா மிக்சருக்கு ஒரு ஒயர். மேடையில் பேஸ் பெட்டியே வேண்டாம். ஒரு மருத்துவரா என்னைக் கவர்ந்தது இதுதான்: டோனும் சத்தமும் பிரிஞ்சிடுச்சு.

14/
அந்தத் தம்பியோட உட்கார்ந்து நாங்க வச்ச செட்டிங்:
• எஸ்விடி வகை ஆம்ப் (பேரை மாத்தித்தான் போட்டிருப்பாங்க), கெயின் கம்மியா, லேசாக் கரகரக்கும் அளவு.
• 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. அங்க பாட்டுக்கு உதவுறது எதுவும் இல்ல, உறுமல்தான்.
• 250 பக்கம் கொஞ்சம் குறைப்பு. மந்தம் அங்கதான் தங்கும்.
• 700 முதல் 1,000 வரை கொஞ்சம் ஏற்றம். விரல் ஓசை அங்க இருக்கு.
• கம்ப்ரசர் அளவா.
• ஸ்பீக்கர் பெட்டியின் மாதிரி கட்டாயம் வைக்கணும். இல்லைன்னா ஈ மொய்க்கிற மாதிரி இரையும்.

15/
ஒரு எச்சரிக்கை. தனியா வாசிச்சா இந்த டோன் ஒல்லியா, மூக்கால் பேசுற மாதிரி இருக்கும். பயப்படாதீங்க. பாட்டை ஓட விட்டு, அதோட சேர்ந்து வாசிச்சுத்தான் டோன் வைக்கணும். ராத்திரி ஹெட்ஃபோனில் தனியா வச்ச கொழகொழ பேஸ் மேடையில் காணாம போகும். உடனே கை வால்யூமுக்குப் போகும். மறுபடி போர்க்களம்.

16/
ஹெட்ஃபோனும் இயர் மானிட்டரும் மருந்து மாதிரி, அளவு முக்கியம். வாரத்துக்கு 40 மணி நேரம்னா 80 டெசிபலுக்குள் இருக்கணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வெளிச் சத்தம் புகாதபடி காதில் சரியாப் பொருந்தும் மானிட்டர் போடுங்க, லிமிட்டரை ஆன் பண்ணுங்க. ஒரு காதில் மட்டும் மாட்டி வாசிக்காதீங்க. அப்படிச் செஞ்சா, மாட்டின காதில் சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போவீங்க.

17/
அவருக்கு என்ன ஆச்சு? இரைச்சல் முழுசா போகல. போகும்னு நான் வாக்குக் கொடுக்கவும் இல்ல. ஆனா ஆறு மாசம் கழிச்சு எடுத்த ஆடியோகிராமில் பள்ளம் ஆழமாகல. கச்சேரி ஒண்ணையும் விடல. "பாடுறவங்க வரியே இப்பத்தான் சார் எனக்குப் புரியுது" என்றார். ஒரே ஒருத்தரின் ஆறு மாசக் கதை இது, நிரூபணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அவர் இன்னும் வாசிக்கிறார்.

18/
கடைசியா, வாசிக்கிறவங்க, கேட்கிறவங்க எல்லாருக்கும். கச்சேரி முடிஞ்சு காது அடைச்ச மாதிரியோ இரைச்சலாவோ இருந்தா அது காது சொல்லும் எச்சரிக்கை. மறுநாளும் போகலைன்னா பரிசோதனை செய்யுங்க. ஒரு காது திடீர்னு கேட்காம போனா, "அழுக்கா இருக்கும்"னு காதில் எண்ணெய் விட்டுக் காத்திருக்காதீங்க. அன்னைக்கே மருத்துவரைப் பாருங்க. அதுல ஒவ்வொரு நாளும் முக்கியம்.

உங்க குழுவில் பேஸ் வாசிக்கிறவருக்கு இதை அனுப்புங்க. டிரம்மருக்கும்தான்.