வெளிநாட்டுப் படிப்பு: முதல் வருடக் காசு மட்டும் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப யோசிக்கும் உம்மா வாப்பாமார் பொறுமையாக வாசியுங்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு சிபாரிசுக் கடிதம் கேட்டு எங்களிடம் வருகிறார்கள். மன்னாருக்கு மாவட்டக் கோட்டா இருக்கிறது, பின்தங்கிய மாவட்டத்துக்கான இடமும் இருக்கிறது. ஆனாலும் இசட் புள்ளி கொஞ்சம் குறைந்தால் இலவசப் பல்கலைக்கழகம் கை நழுவிவிடும். அப்போதுதான் லண்டன், அவுஸ்திரேலியா என்ற பேச்சு வருகிறது. அதில் தப்பில்லை.

"காசுக்கு என்ன வழி?" என்று கேட்டால், "காணி இருக்குத்தானே" என்பார்கள்.

அந்தக் காணியின் கதை எங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் விட்டுவிட்டுப் போய், புத்தளத்துக் கொட்டில்களில் காலம் தள்ளி, திரும்பி வந்து பற்றை வெட்டி மீட்ட காணி. நாங்களும் அந்தக் கொட்டில்களில் வளர்ந்த பிள்ளைகள்தான். விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. முழுக் கணக்கையும் பார்த்த பிறகு விற்போம் என்கிறோம்.

ஏஜென்சிக்காரர் காட்டுவது முதல் வருடக் கணக்கு. பட்டத்துக்கோ மூன்று வருடம். பிரித்தானிய விசாவுக்கு முதல் வருடக் கட்டணமும் ஒன்பது மாதச் செலவுக் காசும் 28 நாள் வங்கியில் கிடக்க வேண்டும். சிலர் அந்த 28 நாளுக்கு வட்டிக்கு வாங்கிக் காட்டுகிறார்கள். விசா வந்ததும் காசு திரும்பிப் போய்விடும், பிள்ளை வெறுங்கையோடு இறங்கும். மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண், அதையும் விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை. அது வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே இழுபறி.

ரூபாயையும் மறக்க வேண்டாம். 2022 தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதம் 360. பத்தாயிரம் டொலர் கட்டணம் 20 இலட்சத்திலிருந்து 36 இலட்சமாகியது. பிள்ளை ஒரு பாடம்கூடப் பிழை விடவில்லை, கடன் மட்டும் வளர்ந்தது.

எங்களிடம் படித்த ஒரு பிள்ளை இரண்டாம் வருடக் கட்டணம் கட்ட முடியாமல் திரும்பி வந்தது. இப்போது காணியும் இல்லை, பட்டமும் இல்லை. அந்த வாப்பா எங்களைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். குனிய வேண்டியவர் அவரில்லை.

வேறு வழிகளும் உண்டு. இந்திய அரசின் மௌலானா ஆசாத், நேரு புலமைப்பரிசில்கள் கட்டணத்தோடு மாதச் செலவும் தருகின்றன. துருக்கி அரசின் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கக் காசே இல்லை. ஜெர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. ஆனால் மொழி வேண்டும், ஒரு வருடச் செலவாக 11,904 யூரோ முடக்கிய கணக்கில் காட்ட வேண்டும். உள்ளூரிலேயே தனியார் பட்டத்துக்கு அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடன் 2017 முதல் இருக்கிறது.

இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி 1983இல் தொடங்கிய திட்டத்தில், படித்து முடித்த பிள்ளை திருப்பிக் கட்டும் காசு அடுத்த பிள்ளைக்குப் போகிறது. வட்டியும் இல்லை. அப்படியொரு கல்வி நிதியை எங்கள் ஊரிலும் சின்னதாகத் தொடங்க முடியாதா? பள்ளி நிர்வாகங்களும் வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்களும் யோசியுங்கள்.

ஏஜென்சிக்கு முற்பணம் கட்ட முதல் அந்தத் தாள்களோடு பாடசாலைக்கு வாருங்கள். மூன்று வருடக் கணக்கையும் சேர்ந்திருந்து கூட்டிப் பார்ப்போம். அதன் பிறகு காணி உறுதியைத் தொடுவோம், இன்ஷா அல்லாஹ்.