நூல் பிடிக்கும் கைக்கு என்ன கூலி?

திருச்சி தில்லைநகரில் ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் அந்த அழகுக்கலைப் பயிற்சி நிலையம் இருந்தது. நான் போன நேரம், மாணவிகள் தரையில் உட்கார்ந்து தங்கள் கெண்டைக்கால் முடியையே நூலால் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர் புருவத்துக்கு வருமுன் பலரும் தங்கள் காலில்தான் த்ரெட்டிங்கைத் தொடங்குகிறார்கள்.

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, நடுவில் சில முறை முறுக்கி, விரல்களை விரித்து மூட வேண்டும். முறுக்கு ஓடும் வேகத்தில் முடியைக் கவ்விப் பிடுங்கும். கொரோனாவுக்குப் பிறகு பலர் பல்லில் கடிப்பதை விட்டுவிட்டுக் கழுத்தில் கட்டிக்கொள்கிறார்கள். வேகம் கூடினால் தோல் அறுபடும். குறைந்தால் முடி வேரோடு வராமல் பாதியில் அறுந்து நிற்கும். பயிற்றுநர் ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, “இழுக்காத, ஓடவிடு” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் விரல் இடுக்கில் நூல் பதிந்து சிவந்த கோடு தெரிந்தது.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் 1,000 மணி நேரமோ அதற்கு மேலோ பயின்று, தேர்வெழுதி உரிமம் வாங்கினால்தான் அழகுக்கலைத் தொழிலில் இறங்க முடியும். நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் இல்லை. கடைக்குப் பதிவு வேண்டும்; வேலை செய்பவரிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று வாடிக்கையாளர் கேட்பதில்லை. ஆகவே இங்கே ஒரு பெண் கட்டணம் கட்டி வாங்குவது கைப்பழக்கத்தை மட்டும்தான். அந்தப் பழக்கம் எவ்வளவு கிடைக்கிறது என்பதை வைத்தே கட்டணத்தை எடைபோட வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பார்லரில் வேலை பார்க்கும் பெண்ணிடம் இந்தக் கணக்கைக் கேட்டேன். லால்குடிப் பக்கம் ஊர். பன்னிரண்டாவது முடித்து ஜவுளிக்கடையில் மாதம் 9,000 ரூபாய்க்கு நின்றவர். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து, மூன்று மாத வகுப்புக்கு 65,000 கட்டினார். கத்தரி, பிரஷ், டம்மித் தலை, கிரீம் எல்லாம் சேர்ந்த கிட்டுக்குத் தனியாக 10,000.

“முடிச்சதும் வேலைன்னு சொன்னாங்கக்கா. வேலை இருந்துச்சு, சம்பளந்தான் இல்ல. மூணு மாசம் ட்ரெய்னிங்னு தலை கழுவ விட்டாங்க. ஆனா சும்மா சொல்லக்கூடாது, கை பழகுனது அங்கதான்.”

கட்டணமும் கிட்டும் 75,000. அதோடு, ஜவுளிக்கடையில் இருந்திருந்தால் ஆறு மாதத்தில் வந்திருக்கும் சம்பளம் 54,000. ஆக உண்மைச் செலவு 1,29,000 ரூபாய்; நகைக்கடன் வட்டி தனி. பயிற்சி நிலையத்தில் கொடுக்கும் தாளில் இந்த 54,000 எங்கும் இருக்காது. பேருந்துச் செலவு மட்டும் இல்லை. சத்திரம் பேருந்து நிலையம் வரை மகளிர் கட்டணமில்லாப் பேருந்தில் வந்து போயிருக்கிறார்.

இப்போது சம்பளமும் கமிஷனும் சேர்ந்து 13,000 வருகிறது. பழைய வேலையைவிடக் கூடுதலாக வருவது 4,000தான். அந்தக் கூடுதலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், போட்ட பணம் திரும்ப இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். இதை அவரிடம் சொல்லத் தயங்கினேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. “ஜவுளிக்கடையில பத்து வருஷம் நின்னாலும் சொந்தக் கடை வைக்க முடியாதுல்ல அக்கா? இதுல முடியும்” என்றார். அந்தப் பதிலை நான் மதிக்கிறேன். முதல் சம்பளம் இந்தத் தொழிலின் அளவுகோல் ஆகாது. ஐந்தாம் ஆண்டில் கையில் என்ன இருக்கிறது என்பதே அளவுகோல்.

கடை உரிமையாளர் அம்மாவின் கணக்கு வேறு. த்ரெட்டிங் 50 ரூபாய், பத்து நிமிட வேலை, செலவு கொஞ்சம் நூல்தான். ஃபேஷியலுக்கு 800 வாங்கினாலும் கிரீம், பேக், ஏசி என்று கணிசமாகப் போய்விடுகிறது. “வாடகைய கட்டுறது புருவந்தாம்மா. வீட்டைக் கட்டுறது கல்யாணப் பொண்ணு” என்றார். தை, வைகாசி, ஆவணியில் முகூர்த்த நாட்கள் நிறைய. விடிகாலை முகூர்த்தம் என்றால் நள்ளிரவே மண்டபத்தில் இருக்க வேண்டும். முந்தின நாளே சேலைக்கு மடிப்பு எடுத்து அயர்ன் செய்து பின் குத்தி வைத்திருப்பார்கள். ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் மணப்பெண் வருமானம் கிடையாது. பன்னிரண்டு மாதமும் கல்யாண மாதம் என்பதுபோல வருமானம் சொல்லிச் சேர்க்கை பிடிக்கும் இடங்கள் செய்வது அநியாயம்.

உடம்பின் செலவையும் சேர்க்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி வேலை. குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொள்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது. முடியை நேராக்கும் மருந்துகள் சிலவற்றைச் சூடுபடுத்தும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி எழும், கண் எரியும். நான் பார்த்த கடையில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. காற்றோட்டமும் கையுறையும் பாடத்தின் முதல் நாளே சொல்லித்தர வேண்டியவை.

லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் இடங்களைத் தேடிப் போகுமுன், அரசு ஐடிஐகளை விசாரிக்கச் சொல்வேன். சிலவற்றில் ஓராண்டு காஸ்மெடாலஜி பிரிவு இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 1,000 ரூபாயும் கிடைக்கும். முடிவில் நாடு முழுதும் செல்லும் தொழிற்சான்றிதழ். புதிய ஹெச்டி மேக்கப்பெல்லாம் அங்கே குறைவாக இருக்கலாம். அடிப்படைக் கை வந்தபின் அதை மட்டும் சில நாள் வகுப்பில் கற்றுக்கொள்ளலாம். கடை வைக்கும்போது முத்ரா கடனில் சிசு பிரிவில் அடமானம் இல்லாமல் 50,000 வரை கேட்கலாம். நகை வீட்டிலேயே இருக்கும்.

தனியாரில்தான் சேர வேண்டும் என்றால், பணம் கட்டுமுன் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ஒரு மாணவிக்கு எத்தனை உயிருள்ள தலை, எத்தனை முகம் கிடைக்கிறது என்று எண்ணுங்கள். போன ஆண்டு படித்து முடித்த இரண்டு பெண்களின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, அவர்களுக்கு இப்போது என்ன சம்பளம் என்று விசாரியுங்கள். வகுப்பைப் பார்க்கவிடாத, பழைய மாணவிகளைக் காட்டாத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.