"வேலையை விட்டுடலாமா டீச்சர்?"



கட்டுமான நிறுவனங்களில் சைட் இன்ஜினியராகவும் சூப்பர்வைசராகவும் இருக்கும் என் மாணவர்கள் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். காரணம் கேட்டால் யாரும் சம்பளத்தை முதலில் சொல்வதில்லை. ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஊர். ஞாயிற்றுக்கிழமையும் கான்கிரீட். பெற்ற பிள்ளையை போனில்தான் பார்க்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் சென்னையில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன், தொழிலாளர்கள் ஊர் விட்டு வரத் தயங்குகிறார்கள், அரசு நலத்திட்டங்களும் காரணம் என்றார். அதற்கு முந்தைய மாதம்தான் வாரம் 90 மணி நேர வேலை பற்றிய அவர் பேச்சு விவாதமானது.

நான் பார்த்தது வேறு. செவ்வாப்பேட்டைப் பக்கம் கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள். வேலை முடிந்தால் நடு வருடத்திலேயே டி.சி. வாங்கிப் போவார்கள். சிலர் சொல்லாமலே போனார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் மிஞ்சியது. குடும்பம் ஓரிடத்தில் தங்க முடியாத வேலையில் மனிதர் எப்படி நிலைப்பார்?

விடுவதென்றால் ஆத்திரத்தில் விடாதீர்கள். பி.எஃப். கணக்கில் மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா பாருங்கள். நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டு முடியச் சில மாதமே இருந்தால் பொறுங்கள், பணிக்கொடை கிடைக்கும். அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்குங்கள். கூலி வேலை செய்யும் சொந்தங்கள், 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவைப் புதுப்பியுங்கள்.

கான்ட்ராக்ட் எடுக்கும் என் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: கூலியைத் தேதி தவறாமல் கொடுங்கள், ஞாயிறு லீவு விடுங்கள். ஆள் நிற்கும்.