பருப்பின் நிறம்

மார்கழிப் பனியில் கெண்டைக்காலில் நகம் பட்டால் வெள்ளைக்கோடு விழும் நாட்களில், 'வீட்டிலேயே செய்தது' என்ற பெயரோடு வலம்வரும் பூச்சுகளில் வீட்டின் பங்கு சொற்பம். தேன்மெழுகோ கற்றாழையோ எதைக் கலந்தாலும் அடியில் இருப்பது பெரும்பாலும் தேங்காயெண்ணெய்தான். அதன் தரத்தை நாம் செக்கில் தேடுகிறோம். மரச்செக்கா, இரும்பா என்று விசாரிக்கிறோம். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து உலர்களங்களைப் பார்த்தபின் எனக்குப் படுவது, அந்தக் கேள்வியே பிந்திய கேள்வி. செக்குக்கு வருமுன்பே, களத்து வெயிலில் எண்ணெயின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது.

களத்தில் வேலை எளிதாகத் தெரியும், எளிதன்று. தரையில் நட்ட பாரையில் காயைக் குத்தித் திருகி மட்டை உரிக்கிறார்கள். உரித்த காய் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் கை நிற்பதில்லை. உடைத்த மூடிகளை வாய் மேலே பார்க்கப் பரப்புவதும், காய்ந்து சுருங்கியதும் கொட்டாங்குச்சியிலிருந்து தேங்காய்ப் பருப்பைப் பெயர்த்தெடுப்பதும் பெரும்பாலும் பெண்கள். பெயர்த்த பருப்பு மறுபடி வெயிலுக்குப் போகிறது. பச்சைத் தேங்காயில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது 6 சதவீத அளவுக்கு இறங்கினால்தான் பருப்பு கெடாமல் நிற்கும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும், எண்ணெய் காறும். சிலவகைப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சையும் விட்டுப்போகும். பருப்பை ஒடித்துப் பார்த்து இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்று சொல்கிற அந்தக் கை, எந்தப் புட்டியின் லேபிளிலும் ஏறுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் மழை குறுக்கிடும். தார்ப்பாய்க்குள் முடங்கிய பருப்பு வழவழத்துக் கறுக்கும். கறுத்ததை விலைபேச மாட்டார்கள். கந்தகப் புகை உள்ளே வருவது இங்கேதான். மூடிய பருப்புக்கடியில் கந்தகத்தை எரித்தால் பூஞ்சணம் அடங்கும், பருப்பு பளிச்சென்று வெளுக்கும். எல்லாக் களத்திலும் இது நடப்பதில்லை. ஆனால் புதிய செய்தியும் இல்லை. புகை எண்ணெயில் எவ்வளவு தங்கும் என்று வாதாடலாம். போடுகிறவர் தொண்டையில் அது என்ன செய்யும் என்பதில் வாதமே கிடையாது: கந்தக டையாக்சைடு ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம், கண் எரியும், இருமல் பிடிக்கும். வெள்ளைப் பருப்புதான் சுத்தம் என்று நம்பும் நம் கண்ணுக்காகவே அந்தப் புகை.

வீட்டிலேயே தேங்காய்ப்பால் பிழிந்து காய்ச்சிக்கொண்டால் களமே வேண்டாமே என்பார்கள். நியாயம்தான். உருக்கெண்ணெய்க்கு உலர்ந்த பருப்பு தேவையில்லை, புகையும் இல்லை. ஆனால் காய் நிறையப் போகும், கிடைப்பது கொஞ்சம். ஊருக்கே அது கட்டாது. இயற்கை எண்ணெய்க்குத் தனிச் சக்தி உண்டு என்ற வாதம் இன்னும் பலவீனமானது. 2004-இல் பிலிப்பைன்ஸில், வறண்ட தோல் கொண்ட 34 பேரிடம் பச்சைத் தேங்காயெண்ணெயையும் பெட்ரோலியத்திலிருந்து வரும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் சமமாகவே வேலை செய்தன. எண்ணெய் தோலுக்குத் தண்ணீர் தருவதில்லை, இருக்கிற ஈரத்துக்கு மூடி போடுகிறது, அவ்வளவே. குளித்த உடம்பு முழுக்கக் காயுமுன் தடவினால் பலன் அதிகம். (பனிக்காலத்தில் எண்ணெய் உறைந்தால் கலப்படம் என்று பயப்பட வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறைவது அதன் சுபாவம்.)

அப்படியானால் தேங்காயெண்ணெயை எதற்காகத் தேர்ந்தெடுப்பது? பக்கத்தில் விளைகிறது, யார் கைபட்டு வந்தது என்று விசாரிக்க முடிகிறது. எனக்கு அந்தக் காரணம் போதும். விசாரிக்காவிட்டால் அந்தக் காரணமும் போய்விடும். அடுத்த முறை செக்குக்காரரிடம் பருப்பு எத்தனை வெயில் கண்டது, புகை போட்டதா என்று கேளுங்கள். கொஞ்சம் பழுப்பேறிய பருப்பைக் காட்டினால் முகம் சுளிக்காமல் அதையே ஆட்டித் தரச் சொல்லுங்கள்.