மடக்குக் கத்தியின் ஆட்டம்

ஈப்போவிலிருந்து கோப்பேங் சாலையில் தெற்கே இறங்கினால், குனோங் ராப்பாட் குகைக் கோயில்கள் பக்கம் பம்பளிமாஸ் கடைகளில் பச்சைப் பச்சையாய்க் காய்கள் தொங்கும். அதைத் தாண்டினதும் இடது கைப்பக்கம் சுண்ணாம்பு மலைகள் சாலையை நெருங்கி வரும். அங்கேதான் நம்ம சிம்பாங் பூலாய். அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவருக்கு ஊர் வந்துவிட்டதை முதலில் மூக்குதான் சொல்லும். உறைந்த பாலின் புளிச்ச வாடை, ஷீட் காயும் கொட்டகையின் புகை, மழைக்குப் பிறகு லாலான் புல்லிலிருந்து கிளம்பும் பச்சை வாசம். இந்த மூன்றும் கலந்து வந்தால் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று அர்த்தம். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிற கிழவிகூட அந்த இடத்தில் கண் விழித்து முந்தானையைச் சரிசெய்துகொள்வாள்.

உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், அந்தக் காலத்தில் தோட்டத்து ஆம்பளைகளிடம் இரண்டு கத்தி உண்டு. பால் வெட்டுகிற கத்தி வேலைக்கு. விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும்போதே அது தீட்டுக்கல்லில் ஏறி இறங்கியிருக்கும். மற்றது மடியில் கிடக்கும் மடக்குக் கத்தி. அது அவரவர் சொந்தச் சொத்து. பாக்கு சீவ, புகையிலை நறுக்க, மங்கின் ஓரத்தில் காய்ந்து ஒட்டின கட்டிப்பாலைக் கிளற, பிள்ளைகளுக்குப் பென்சில் சீவ, கவண் செய்யக் கொய்யாக் கிளை வெட்ட, பசார் மாலாமில் வாங்கின கரும்பைத் தோலுரிக்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான். மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து கத்தியை ஒருமுறை திறந்து மூடினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே யார் வீட்டு வாசல் என்று சொல்லிவிடலாம்.

எங்கள் லயத்துக் கடைசி வீட்டுத் தாத்தா வைத்திருந்தது பட்டாளத்துக் கத்தி. 1948இல் தொடங்கி 1960 வரை நீண்ட அவசரகாலத்தில், முள்கம்பி வேலிக்குள் தோட்டம் அடைபட்டுக் கிடந்தபோது கைக்கு வந்தது என்பார். ஒரு பக்கம் முனை மழுங்கின தட்டை அலகு, இன்னொரு பக்கம் கயிற்று முடிச்சு அவிழ்க்கும் தடித்த முள், நடுவில் டின் திறக்கிற கொக்கி. அலகின் அடியில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் அம்புக்குறி முத்திரை. அதைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகள் நாங்கள் வரிசையில் நிற்போம். அந்தக் கத்தியும் ஒருநாள் ஆட ஆரம்பித்தது.

கத்தி ஆடுவது என்றால் என்னவென்று இன்றைக்கு வளரும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலகும் பிடியும் சேருகிற இடத்தில் ஒரே ஒரு ரிவிட். அலகின் முழுப் பாரமும் அதன்மேல்தான். பித்தளைத் தகடு இரும்போடு உரசித் தேயத் தேய, ரிவிட்டின் பிடிப்பு தளர்ந்து அலகு இடமும் வலமும் அசையும். அப்படி ஆடுகிற கத்தியால் கொட்டைப்பாக்கை வெட்டினால் அலகு சரிந்து விரலில் ஏறும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரிடம் மருந்து கட்டிக்கொண்டு நின்றவர்களில் பாதிப்பேர் பால்வெட்டில் அடிபட்டவர்கள் என்றால், மீதியில் சிலர் இந்த ஆட்டத்தில் அடிபட்டவர்கள்.

ஆட்டம் வந்த கத்தி ஆசாரித் தாத்தாவிடம் போகும். ஷீட் அடிக்கிற உருளைகளைப் பழுது பார்க்கத்தான் அவருக்குச் சம்பளம். ஸ்டோருக்குப் பின்னால் தகரக் கூரைச் சாய்ப்பில் ஒரு பட்டறைக்கல், ஒரு கை ஊதுலை, டின் நிறைய விதவிதமான ஆணிகள். கரியும் மண்ணெண்ணெயும் வேர்வையும் சேர்ந்த வாடை அந்தச் சாய்ப்பில் எப்போதும் இருக்கும். வருஷ ஆரம்பத்தில் கித்தா மரம் இலை கொட்டும் மாசங்களில் அவருக்குக் கூட்டம் அதிகம். இலையெல்லாம் செம்பழுப்பாகி உதிர்ந்து, காட்டுக்குள் வெயில் தரைவரை இறங்கும். பால் வற்றும். கையில் நேரம் மிஞ்சும். ஆளாளுக்குக் கத்தியை எடுத்துக்கொண்டு சாய்ப்புக்கு வந்துவிடுவார்கள். வருஷக் கடைசி மழையில் பட்டை நனைந்து வெட்டு நின்றுபோகும் காலைகளிலும் அப்படித்தான்.

கத்தியைக் கையில் வாங்கினதும் ஆசாரித் தாத்தா சுத்தியலை எடுக்க மாட்டார். அலகை நுனிவிரலால் பிடித்து இடமும் வலமும் அசைப்பார். பிறகு மேலும் கீழும். காதருகே கொண்டுபோய் ஒருமுறை திறந்து மூடுவார்.

“ஏன் தாத்தா, நேரா அடிச்சிட வேண்டியதுதானே?”

“இருடா தம்பி. ஆட்டம் எந்தப் பக்கம்னு தெரியாம அடிச்சா உள்ளதும் போயிரும். மொதல்ல அழுக்க எடுக்கணும்.”

மண்ணெண்ணெய் ஊற்றின பால் டின்னில் கத்தியை ஊறப்போடுவார். மூட்டுக்குள் புகுந்த பால் காய்ந்து ரப்பராகி, மண்ணோடு சேர்ந்து அலகை ஒழுங்காக உட்கார விடாது. ஊறினதும் நூல் நூலாக அதை ஈர்க்குச்சியால் இழுத்தெடுப்பார். சில கத்திகளுக்கு வைத்தியம் அதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால்தான் சுத்தியல். அலகின் வாயில் பழைய துணியைச் சுற்றிக் கட்டுவார். அலகுக்கும் பிடித்தகட்டுக்கும் நடுவே காகிதத் துண்டொன்றைச் செருகுவார். ரிவிட்டின் ஒரு தலையைப் பட்டறைக்கல்லில் படுத்தவைத்து, மறுதலையின் விளிம்பைச் சுற்றி, உருண்டைமுகச் சுத்தியலால் பூத் தட்டாகத் தட்டுவார். நடுவில் ஓங்கி அடித்தால் ரிவிட் வளையும். விளிம்பில் தட்டினால் தலை கொஞ்சம் கொஞ்சமாய் அகன்று தகட்டை இறுக்கும். ரெண்டு தட்டு, திருப்பு, ரெண்டு தட்டு. ஒவ்வொரு தடவையும் திறந்து மூடிப் பார்ப்பார். கடைசியில் காகிதத்தை உருவிவிட்டால் அலகு திரும்ப மயிரிழை இடம் கிடைக்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குத் திட்டு விழும். அது நாளடைவில் பிசினாகி மூட்டைப் பிடித்துக்கொள்ளும்.

பட்டாளத்துக் கத்தியின் நோய் வேறு. அது மேலும் கீழும் ஆடியது. ரிவிட் போகும் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டால் எவ்வளவு தட்டினாலும் நிற்காது. பழைய ரிவிட்டை அராவி எடுத்து, ஓட்டையை வட்டமாகத் துளைத்து, அதைவிடத் தடித்த கம்பி போட வேண்டும். சின்னக் கத்திக்குச் சைக்கிள் சக்கரக் கம்பி போதும். இதற்கு ஆணி டின்னைத் தரையில் கொட்டி அரைமணி நேரம் தேடினார். பக்கவாட்டு இடைவெளிக்குப் பால் டின் தகட்டை வெட்டி வாசராகப் போட்டார். ஒட்டுக்கடையில் கோப்பி வாங்கிக் கயிறு கட்டித் தூக்கி வருவோமே, அந்த டின்தான். கடைசி வீட்டுத் தாத்தா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் மாப்பிள்ளை மாதிரி சுருட்டுமேல் சுருட்டாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கத்தி ‘டக்’ என்று மூடினபோது, “இனி என் பேரன் காலத்துக்கும் வரும்ணே” என்றார். கூலி என்று காசு எதுவும் கைமாறவில்லை. மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழம் சாய்ப்புக்கு வந்தது.

“இறுக்கமா இருந்தா நல்லதுன்னு நெனைக்காதே. இறுகிப்போனா நகம் ஒடைஞ்சாலும் தொறக்காது. தளர்ந்தா வெரல வாங்கிரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு, அங்க நிறுத்தணும்” என்பார் ஆசாரித் தாத்தா. அந்த இடத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை. காதால் கேட்டார்.

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாய்க் கழன்றது. 1985இல் ஈய விலை சரிந்து கிந்தாப் பள்ளத்தாக்கின் லம்பங்கள் நின்றன. குட்டைகள் மட்டும் மிஞ்சின. கித்தா மரங்கள் விழுந்த இடத்தில் செம்பனை வந்தது, செம்பனை விழுந்த இடத்தில் வீட்டுமனை வந்தது. கேமரன் மலைக்கு நம்ம ஊர்வழியாகவே புதுச் சாலை ஏறிப்போனதும் சனங்கள் நிற்காமல் கடக்கப் பழகிவிட்டார்கள். மலைகளைக் கல்லுடைத்து லாரி லாரியாய் ஏற்றுகிறார்கள். கூரைகளில் வெள்ளைத் தூசு. கோடையில் ரப்பர் காய் வெடிக்கும் ‘பட் பட்’ சத்தம் கேட்ட இடத்தில் பாறைக்கு வெடி வைக்கும் சத்தம். சாய்ப்பு நின்ற இடம் எதுவென்று என்னால் இப்போது கைகாட்ட முடியாது. லயத்து ஆட்கள் புந்தோங்கிலும் சிலிபினிலும் கோலாலம்பூர் அடுக்குமாடிகளிலும் சிதறிப் போனார்கள். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டால், முதல் கேள்வி “நீங்க எந்த லயம்?” என்பதுதான்.

இப்போது கடையில் பத்து வெள்ளிக்கு மடக்குக் கத்தி கிடைக்கிறது. ஆடினால் தூக்கிப்போட்டு வேறு வாங்குகிறோம். வாங்குகிற வசதி வந்தது நல்லதுதான். ஆனால் தளர்ந்ததைத் திரும்ப இறுக்கலாம் என்கிற நினைப்பே நம் பிள்ளைகளுக்கு வராமல் போனது நல்லதில்லை.

அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன கத்தி உங்கள் வீட்டு மேசை டிராயரிலும் கிடக்கும். துரு ஏறியிருக்கும், அலகு ஆடும். தூக்கி எறியாதீர்கள். ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறப்போடுங்கள். வாயில் துணி சுற்றி, காகிதம் செருகி, ரிவிட்டின் விளிம்பில் மெல்லத் தட்டுங்கள். அவசரப்படாமல், ஒவ்வொரு தட்டுக்கும் திறந்து மூடிப் பாருங்கள். அப்போது பேரப்பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொள்ளுங்கள். செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.