ஆற்று மக்களின் சலரோகம்

மெண்டலின் பட்டாணிகள் உருண்டையாகவோ சுருங்கியோ பிறக்கும் விதியை எமது கல்லூரி விஞ்ஞானகூடத்தில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நாள் இன்றும் எம் நினைவிலுள்ளது. விதி என்னும் சொல்லுக்கு இரு பொருளுண்டென்பதை அன்று யாம் சிந்தித்தோமல்லோம். எந்தையார் சலரோகத்தால் ஒரு காலை இழந்தவர். நாற்பத்தெட்டாம் வயதில் எமக்கும் அந்நோயே என வைத்தியர் உரைத்தபோது, "பரம்பரை, யாது செய்வது?" என்று எம்மைத் தேற்றிக்கொண்டு, அன்றிரவும் பிட்டிற் சீனி தூவியே உண்டோம்.

அத்தேறுதலைக் குலைத்தது, ஓய்வுபெற்றபின் யாம் வாசித்தறிந்த பிமா மக்களின் வரலாறு. ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்திற் கிலா ஆற்றங்கரையில் வாழும் இப்பழங்குடியினர் தம் மொழியில் 'ஆற்று மக்கள்' என்றே தம்மை அழைப்பர். வாய்க்கால் வெட்டிச் சோளமும் அவரையும் பூசணியும் விளைத்தவர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வழிச் சென்ற வெள்ளையருக்குக் கோதுமை விற்றவர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆற்றின் மேற்பகுதியிற் குடியேறியோர் நீரைத் திருப்பிக்கொண்டனர். வயல்கள் காய்ந்தன, பஞ்சம் வந்தது. பின்னர் அரசாங்கம் பங்கிட்ட மாவும் பன்றிக்கொழுப்பும் சீனியும் அன்னோர் உணவாயின. 1965இல் அங்கு தொடங்கிய நெடிய மருத்துவ ஆய்வு, முப்பத்தைந்து வயது கடந்தோரில் ஏறக்குறைய அரைவாசிப்பேர் சலரோகிகள் எனக் கண்டது.

பஞ்சகாலத்திற்கெனக் கொழுப்பைச் சேமிக்கும் 'சிக்கனப் பரம்பரையலகு' பற்றி ஜேம்ஸ் நீல் என்னும் அறிஞர் 1962இல் எழுதியிருந்தார். அக்கருத்தைப் பிமா மக்கள்மேற் பலர் ஏற்றினர். பரம்பரைக்குப் பங்குண்டு என்பது மெய்யே. தாய் தந்தை இருவரும் இளமையிலேயே சலரோகிகளாயின் பிள்ளைகளுக்கு அபாயம் மிகுதியென்பதும் அவ்வாய்விலேயே புலனாயிற்று. ஆயின் அவ்வொற்றை அலகு இன்றுவரை அகப்படவில்லை. சமோவாத் தீவினரிடம் 2016இல் அறியப்பட்ட ஓர் அலகுமாற்றமோ உடலைப் பருக்கச் செய்கின்றது. சலரோக அபாயத்தையோ குறைக்கின்றது! பட்டாணிக் கணக்கு இங்கு செல்லாது.

எல்லைக்கப்பால், மெக்சிக்கோவின் மலையூராகிய மைக்கோபாவிலும் பிமா மக்கள் உளர். குருதியால் நெருங்கிய உறவினர். மெய்வருந்தி உழுது, தாம் விளைத்த சோளத்தையும் அவரையையும் உண்போர். 1995இற் பரிசோதித்தபோது அவர்களிற் சலரோகம் நூற்றுக்கு 6.9 பேருக்கே இருந்தது. அரிசோனாப் பிமா மக்களில் அது 38. இவ்விரண்டு எண்களையும் யாம் நெடுநேரம் நோக்கியிருந்தோம். பரம்பரை ஏறத்தாழ ஒன்றே. ஆறு போனது ஓரிடத்தில் மட்டுமே.

2004இல் நிறைவேறிய சட்டமொன்று அரிசோனாப் பிமா மக்களின் நீருரிமையை உறுதிப்படுத்தியது. தலைமுறை பல கழிந்தபின் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எம் மகனுக்கு இப்பொழுது நாற்பது வயது. தன் பாட்டனார் காலிழந்த கதையை அண்மையில் மீண்டும் வினவினான். பரம்பரை என்று யாம் இம்முறை விடைகூறவில்லை. மறுநாட் காலை வெறுவயிற்றுடன் அவனை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம்.